கொடியைப் பாருங்கள், அப்புறம் கையைப் பாருங்கள்: கராத்தே போட்டியில் நடுவரின் சொல்லும் சைகையும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பள்ளி அரங்குகளில் கராத்தே போட்டி நடந்தால், பெற்றோர் வரிசையிலிருந்து அதிகம் கேட்பது இந்தக் குரல்தான்: "நல்லாத்தானே அடிச்சான், ரெஃப்ரி ஏன் பாயிண்ட் குடுக்கல?" கேள்வியே ஆள் மாறிப் போகிறது. கூமிதே எனப்படும் சண்டைப் பிரிவில் (நம் பிள்ளைகள் 'ஃபைட்' என்பார்கள்) நடுவில் நிற்கும் ரெஃப்ரி தன் இஷ்டத்துக்குப் பாயிண்ட் கொடுக்க முடியாது. நான்கு மூலையிலும் உட்கார்ந்திருக்கும் நடுவர்களில் குறைந்தது இரண்டு பேர் ஒரே ஆளுக்குக் கொடி காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் ரெஃப்ரியின் கை எழும். அந்தக் கை மூலையில் முடிவானதை அறிவிக்கிறது. ஆகவே முதல் முறை பார்க்க வருபவர் கற்க வேண்டியது ஜப்பானியச் சொற்களை அல்ல, கண்ணை எங்கே வைப்பது என்பதை. முதலில் மூலைக் கொடி, அப்புறம் நடுக் கை, கடைசியாகச் சொல். இந்த வரிசை பழகிவிட்டால் சொற்கள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

இங்கே சொல்வது உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிகளை ஒட்டியது. மாவட்ட, மாநில அளவில் பெரும்பாலும் இதையே சிறு மாற்றங்களோடு பின்பற்றுகிறார்கள்.

மேட்டும் ஆட்களும்

சண்டை நடக்கும் சதுரம் 8 மீட்டருக்கு 8 மீட்டர். அதைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்தில் வேறு நிற மேட் (தரை விரிப்பு) இருக்கும். அது பாதுகாப்புப் பகுதி, சண்டைக்கான இடம் இல்லை. நடுவில் நிற்பவர் ஷுஷின், அதாவது தலைமை நடுவர். மூலையில் இருப்பவர்கள் ஃபுகுஷின். ஓரமாக உட்கார்ந்து எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று கவனிப்பவர் கன்சா. நேரம் பார்ப்பவரும் ஸ்கோர் போடுபவரும் மேசையில் இருப்பார்கள்.

போட்டியாளர்களில் ஒருவர் சிவப்பு, அவர் பெயர் 'அகா'. மற்றவர் நீலம், 'ஆவோ'. பெல்ட், கையுறை, கால் காப்பு எல்லாம் அந்த நிறத்திலேயே இருக்கும். பிள்ளை பயிற்சியில் வாங்கிய பிரவுன் பெல்ட்டோ பிளாக் பெல்ட்டோ இங்கே கட்டக் கூடாது. பழைய ஆட்கள் 'ஷிரோ' என்று கூப்பிட்டால் குழம்ப வேண்டாம். நீலத்துக்குப் பதில் வெள்ளை இருந்த காலத்துச் சொல் அது.

எங்கே உட்காருகிறோம் என்பதும் முக்கியம். ரெஃப்ரி அதிகாரிகளின் மேசையைப் பார்த்து நிற்பார். அகா அவருக்கு வலப்பக்கம், ஆவோ இடப்பக்கம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் சிவப்பு உங்களுக்கு இடப்பக்கம் தெரியும். எதிர்ப்பக்க கேலரியில் உட்கார்ந்தால் எல்லாம் மாறிவிடும், ரெஃப்ரியின் முதுகுதான் தெரியும். இடம் கிடைத்தால் மேசைப் பக்கமே உட்காருங்கள்.

ஒரு சண்டை எப்படிப் போகிறது

முதலில் வணக்கம். ரெஃப்ரி 'ஷோமென் நி ரெய்' என்றால் முன்பக்கம் பார்த்துக் குனிய வேண்டும். 'ஒதாகாய் நி ரெய்' என்றால் ஒருவரை ஒருவர் பார்த்து. பிறகு 'ஷோபு ஹஜிமே'. கடிகாரம் ஓடத் தொடங்கும். பெரியவர்களுக்கு 3 நிமிடம், கேடட், ஜூனியர் எனப்படும் பதின்ம வயதினருக்கு 2 நிமிடம், சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. யாராவது 8 பாயிண்ட் முன்னிலைக்குப் போய்விட்டால் நேரம் பாக்கி இருந்தாலும் சண்டை முடிந்தது.

'யமே' என்றால் நிறுத்து. கூடவே கை மேலிருந்து கீழே வெட்டும். இந்த ஒரு சொல்லில்தான் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். யமேக்குப் பிறகு போட்ட அடி எவ்வளவு அழகாக விழுந்தாலும் பாயிண்ட் கிடையாது. எதிராளி நின்றுவிட்ட நேரத்தில் விழுவதால் எச்சரிக்கையும் வரலாம். நீலகிரியில் இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. தகரக் கூரை போட்ட அரங்கில் மழை பிடித்துக்கொண்டால் ரெஃப்ரியின் குரல் பாதி கேட்காது. கூடலூரில் ஜூன், ஜூலையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரிலும் இதை எதிர்பார்த்தே போக வேண்டும். அதனால் பயிற்சியிலேயே சொல்லை வைத்து மட்டும் நிறுத்திப் பழக்காமல், வாயைத் திறக்காமல் கையை மட்டும் வெட்டிக் காட்டி நிறுத்திப் பழக்குங்கள். ஓரக்கண்ணில் ரெஃப்ரியின் கை தெரிகிற பழக்கம் வந்தால் மழைச் சத்தம் ஒன்றும் செய்யாது.

நிறுத்திய பிறகு 'மோதோ நோ இச்சி' என்றால் அவரவர் பழைய இடத்துக்குப் போக வேண்டும். பாயிண்டோ எச்சரிக்கையோ அறிவித்த பின் ரெஃப்ரி ஒரு கால் முன்வைத்து இரண்டு கைகளையும் இருவர் பக்கமாக நீட்டி 'ட்சுஸுகெதே' என்பார். 'ஹஜிமே' என்று சொல்லும்போது கைகளைச் சட்டென்று ஒன்றை நோக்கி ஒன்று கொண்டுவந்து பின்னால் விலகுவார். மறுபடி சண்டை தொடங்கிவிட்டது. அந்தக் கை அசைவு முடியும்முன் பாய்கிற பிள்ளைகள் உண்டு. அது ஒன்றுக்கும் உதவாது.

இருவரும் கட்டிப்பிடித்த மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றால் 'வக்கரெதே', விலகுங்கள் என்று அர்த்தம். இதற்கும் யமேக்கும் ஒரு வித்தியாசம்: இங்கே கடிகாரம் நிற்காது. விலகியதும் ரெஃப்ரி தொடரச் சொல்வார். முன்னிலையில் இருப்பவர் சாவகாசமாக விலகுவதும், பின்தங்கியவர் அவசரப்படுவதும் இதனால்தான்.

கடைசி 15 நொடியில் மேசையிலிருந்து ஒலி வரும், 'அதோஷி பராக்கு' என்று அறிவிப்பார்கள். கொஞ்ச நேரம்தான் பாக்கி. இந்த 15 நொடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், கீழே வருகிறது.

கையின் உயரம்தான் பாயிண்ட்

யூகோ 1 பாயிண்ட்: முகத்துக்கோ உடம்புக்கோ விழும் கை அடி. வஸா-அரி 2 பாயிண்ட்: உடம்புக்கு விழும் உதை. இப்போன் 3 பாயிண்ட்: தலை, முகம், கழுத்துக்குப் போகும் உதை, அல்லது கீழே விழுந்த எதிராளி மேல் முறையாக முடிக்கும் அடி.

ரெஃப்ரியின் கை யார் பக்கம் நீள்கிறதோ அவருக்குப் பாயிண்ட். கை கீழ்நோக்கிச் சாய்ந்தால் யூகோ. தோள் மட்டத்தில் நேராக நீண்டால் வஸா-அரி. மேல்நோக்கிச் சாய்ந்து எழுந்தால் இப்போன். மூலை நடுவர்களின் கொடியும் இதே மூன்று உயரத்தில்தான் நிற்கும். எனவே அரங்கின் கடைசி வரிசையில் இருந்தாலும், ஒரு சொல்லும் காதில் விழாவிட்டாலும், எண்ணிக்கையை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

மூலையில் இரண்டு பேர் மட்டும் காட்டுகிறார்கள், ஒருவர் கொடி தோள் மட்டத்தில், இன்னொருவர் கொடி கீழே என்றால்? குறைந்ததுதான் செல்லும், யூகோ. ஒரே ஒரு கொடி எழுந்தால் சண்டை நிற்காமலேயே போகும். உங்கள் எதிரே இருக்கும் மூலையில் சிவப்புக் கொடி எழுந்ததைப் பார்த்துக் கைதட்டியிருப்பீர்கள், ரெஃப்ரி கண்டுகொள்ளவே மாட்டார். அவர் கவனிக்காமல் விடவில்லை, இரண்டாவது கொடி எழவில்லை. அந்த அடி மற்ற மூன்று மூலைகளுக்கு முதுகோ தோளோ மறைத்திருக்கும்.

'தோரிமாசென்' என்றால் ஏற்கப்படவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் குறுக்கே கொண்டுவந்து, உள்ளங்கை கீழே பார்க்க வெளிப்பக்கம் வெட்டி விரிப்பார்.

பெரியவர்கள் கொஞ்சம் வயதான மாஸ்டர்களிடம் பயின்றிருந்தால் 'நிஹோன்', 'சன்போன்' என்ற சொற்களும் காதில் விழும். 2010-களின் தொடக்கம் வரை 1, 2, 3 பாயிண்டுகளுக்கு இப்போன், நிஹோன், சன்போன் என்றே பெயர். அன்றைக்கு இப்போன் ஒரு பாயிண்ட், இன்றைக்கு அதுவே மூன்று. பழைய வீடியோ பார்க்கும் பிள்ளைகள் குழம்புவது இயல்புதான். ஷோபு இப்போன் முறையில் நடத்தும் ஸ்டைல் சங்கங்களில் (கராத்தேயின் ஒவ்வொரு பாணிக்கும் உள்ள சங்கங்கள்) கணக்கு இன்னும் வேறு: அங்கே ஒரு இப்போனோடு சண்டையே முடியும், வஸா-அரி அதில் பாதி, இரண்டு வஸா-அரி சேர்ந்தால் ஒரு இப்போன். பெயர் கொடுக்கும் முன் எந்த விதி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அடி விழுந்தும் ஏன் கொடி எழவில்லை

இதில்தான் அதிகம் சண்டை வருகிறது. விழுந்த அடி எல்லாம் பாயிண்ட் அல்ல. ஆறு விஷயம் பார்க்கிறார்கள்: அடியின் வடிவம், விளையாட்டு உணர்வு, வேகமும் பலமும், ஸன்ஷின் எனப்படும் விழிப்பு, சரியான நேரம், சரியான தூரம்.

பிள்ளைகள் பாயிண்டை இழப்பது பெரும்பாலும் ஸன்ஷினில். ஒரு நிமிடத்துக்குள் நடப்பதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பையன் இடக்கை போக்குக் காட்டி வலக்கையால் வயிற்றுக்குக் குத்துகிறான். கியாய் (அடியோடு சேர்ந்து போடும் கத்தல்) வருகிறது, இடுப்பு திரும்புகிறது, கை சரியாக நீள்கிறது. அந்த நொடியே முகம் கோச் நாற்காலிப் பக்கம் திரும்பிவிடுகிறது, கை தொங்கிவிடுகிறது, "பாத்தீங்களா மாஸ்டர்?" என்கிற மாதிரி. எழவேண்டிய கொடி பாதியில் நிற்கும். குத்திய பிறகும் எதிராளியைப் பார்த்தபடி, கையை இழுத்துக் காவலுக்குக் கொண்டுவந்து, பின்வாங்கும்வரை அந்த அடி முடியவில்லை. சில பிள்ளைகள் பாயிண்ட் விழுந்ததைக் காட்ட முதுகைத் திருப்பிக்கொண்டு கையை உயர்த்துவார்கள். டிவியில் பார்த்த பழக்கம். அதுவும் பாயிண்டைக் கொண்டுபோய்விடும்.

அடுத்தது தூரம். முகத்துக்குப் போகும் அடி பெரியவர்களிடையே தோலைத் தொட்டும் தொடாமலும், 5 சென்டிமீட்டர் இடைவெளிக்குள் நின்றால் போதும், மதிப்பெண் உண்டு. சின்ன வயதுப் பிரிவுகளில் இன்னும் கண்டிப்பு, கையுறை முகத்தில் பட்டால் பாயிண்ட் போய், எச்சரிக்கை வரும். ஆகவே "மூஞ்சியிலயே பட்டுச்சே" என்று மேலிருந்து கத்துவது உங்கள் பிள்ளைக்கு எதிரான சாட்சி.

சென்ஷு

எதிராளியும் அதே நேரத்தில் பாயிண்ட் எடுக்காமல், முதல் பாயிண்டைத் தனியாக எடுத்தவருக்கு சென்ஷு. பாயிண்டை அறிவித்த கையோடு ரெஃப்ரி முழங்கையை மடக்கி உள்ளங்கை தன் முகத்தைப் பார்க்க உயர்த்தி 'அகா சென்ஷு' அல்லது 'ஆவோ சென்ஷு' என்பார். ஸ்கோர் போர்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி எரியும். நேரம் முடியும்போது ஸ்கோர் சமம் என்றால் சென்ஷு வைத்திருப்பவர் ஜெயிப்பார். 3–3 என்று நிற்கும்போது ஒரு பக்கம் மட்டும் துள்ளிக் குதிப்பது இதனால்தான்.

ஆனால் அதை வைத்துக்கொண்டு ஓடி ஒளிய முடியாது. அதோஷி பராக்கு அறிவித்த பிறகு, கடைசி 15 நொடியில், சென்ஷு உள்ளவர் சண்டையைத் தவிர்த்தால் சென்ஷு பறிபோகும். ரெஃப்ரி சென்ஷு சைகையைக் காட்டி, உடனே தோரிமாசென் போல வெட்டுவார். முன்னிலையில் இருக்கும் பிள்ளைக்குக் கடைசி நேரத்தில் "ஓடு, ஓடு" என்று கத்தும் உறவினர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஒரு பாயிண்டும் விழாமல் 0–0 என்றால் 'ஹன்தெய்'. விசில் ஊதியதும் நான்கு மூலைக் கொடியும் சேர்ந்து எழும், ரெஃப்ரியும் தன் ஓட்டைப் போடுவார். இந்த ஒரு இடத்தில்தான் அவருடைய சொந்தக் கருத்து எண்ணிக்கையில் சேரும். முடிவில் ஜெயித்தவர் பக்கம் கையை மேல்நோக்கிச் சாய்த்து 'அகா நோ காச்சி' என்பார்.

தவறுகள்: பார்த்தாலே புரியும் சைகைகள்

எச்சரிக்கைகள் முன்பு இரண்டு வகையாகப் பிரிந்து, சூகோக்கு, கெய்கோக்கு என்று ஏணிப்படி ஏறின. இப்போது ஒரே வரிசை: சூயி மூன்று முறை வரை, பிறகு ஹன்சொகு சூயி, அதற்கும் பிறகு ஹன்சொகு. ஹன்சொகு என்றால் அந்தச் சண்டையில் தோல்வி. ஹன்சொகு சூயிக்கு ரெஃப்ரியின் விரல் தவறு செய்தவரின் வயிற்றை நோக்கி நீளும். ஹன்சொகுவுக்கு அதே விரல் முகத்தை நோக்கி. பெரிய தவறென்றால் படிப்படியாகத்தான் வர வேண்டும் என்றில்லை, நேராகவே ஹன்சொகு வரலாம். 'ஷிக்காக்கு' இன்னும் கடுமை: மோசமான நடத்தைக்காகப் போட்டியிலிருந்தே வெளியேற்றுவது. விரல் முதலில் அந்த ஆள் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்து, பிறகு வெளியே போ என்று பின்னால் வீசும்.

எதற்காக எச்சரிக்கை என்பதை ரெஃப்ரி நடித்தே காட்டுவார். தள்ளினால் இரண்டு உள்ளங்கையாலும் காற்றைத் தள்ளுவார். சண்டை போடாமல் சுற்றிச் சுற்றி ஓடினால் ஆட்காட்டி விரலைக் கீழே காட்டி வட்டம் போடுவார். இருவருமே சும்மா நின்றால் நெஞ்சுக்கு முன்னால் முஷ்டிகளை ஒன்றைச் சுற்றி ஒன்றாக உருட்டுவார். பேசினால், சீண்டினால் உதட்டில் விரல். லேசான அடிக்குப் பெரிதாகத் துடித்தால் இரண்டு கைகளையும் தன் முகத்தில் வைத்துக்காட்டுவார். இந்தக் கடைசித் தவறு நம் பிள்ளைகளிடம் அதிகம், பெரும்பாலும் யாரோ சொல்லிக்கொடுத்து வருவது.

'முபோபி' கொஞ்சம் நுட்பமானது. தன் பாதுகாப்பையே கவனிக்காமல் தலையை முன்னே கொடுத்துப் பாய்வது, அல்லது அடித்துவிட்டு முதுகைக் காட்டுவது. அப்படி அடி வாங்கினால் அடி வாங்கியவருக்கே எச்சரிக்கை. ரெஃப்ரி தன் முகத்தைத் தொட்டு, கையின் விளிம்பை முன்னும் பின்னும் அசைப்பார். மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு எச்சரிக்கை கொடுப்பதைப் பார்த்துப் பெற்றோர் கொதிப்பார்கள். காரணம் இதுதான்.

'ஜோகாய்' என்பது எல்லையைத் தாண்டுவது. காலோ உடம்பில் எந்தப் பகுதியோ கோட்டுக்கு வெளியே தரையைத் தொட்டால் போதும். மூலை நடுவர் கொடியால் தரையைத் தட்டுவார், ரெஃப்ரி எல்லையை நோக்கி விரல் நீட்டுவார். எதிராளி தள்ளியோ தூக்கி எறிந்தோ வெளியே போனால் ஜோகாய் இல்லை. பனி மூட்டம் உள்ளே வரும் அரங்குகளில் மேட்டில் ஈரம் படியும். பின்வாங்கும் கால் அரை அடி கூடுதலாக வழுக்கினாலே கோடு தாண்டிவிடும். சண்டைக்கு முன் மேட்டைத் துணியால் துடைக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

கட்டுப்பாடில்லாத அடிக்கு விலை எவ்வளவு என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக்கை நினைவுபடுத்தலாம். கராத்தே முதல்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அங்கேதான். 2021 ஆகஸ்ட் 7 அன்று ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிச் சண்டையில் சவூதி அரேபியாவின் தாரெக் ஹமெதி 4–1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் போட்ட உயரமான உதையில் ஈரானின் சஜாத் கஞ்ச்ஸாதே நினைவிழந்து விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். நடுவர்கள் கலந்து பேசினார்கள். முடிவு ஹன்சொகு. தங்கம் விழுந்தவருக்கு, வெள்ளி உதைத்தவருக்கு. தலைக்குப் போகும் உதைக்கு மூன்று பாயிண்ட் கொடுக்கும் அதே விதிதான், அதை நிறுத்தத் தெரியாதவரைத் தோற்கடிக்கிறது.

விழுந்தவர் எழாவிட்டால் ரெஃப்ரி கையை உயர்த்தி மேசைக்குக் காட்டி, ஒவ்வொரு நொடிக்கும் விரல் காட்டிப் பத்து வரை எண்ணத் தொடங்குவார். பத்துக்குள் முழுதாக எழுந்து நிற்காதவர் அந்தப் போட்டியில் இனி எந்தச் சண்டையிலும் இறங்க முடியாது. "கொஞ்சம் படுத்து ரெஸ்ட் எடு" என்று வெளியிலிருந்து யோசனை சொல்வது ஆபத்து. 'கிக்கென்' என்பது வேறு: பெயர் கூப்பிட்டும் வராதது, அல்லது தானே விலகிக்கொள்வது.

குளிரில் காத்திருப்பது

கிக்கென் இங்கே வருவதற்குப் பயத்தைவிடத் தேநீர்தான் அதிகக் காரணம். பிள்ளை வெளியே வர்க்கியும் டீயுமாக நிற்கும், உள்ளே பெயர் கூப்பிட்டு முடிந்துவிடும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். மேட்டுப்பாளையம், கோவையிலிருந்து அன்று காலையில்தான் மலையேறி வரும் பிள்ளைகளுக்கு இரண்டாவது நிமிடத்தில் மூச்சு வாங்கும், அது பயிற்சிக் குறை அல்ல. முடிந்தால் முந்தின நாளே வரட்டும். நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் குளிரில் விறைத்த தொடை உயரமான உதைக்கு ஒத்துழைக்காது. பெயர் வருவதற்கு முன் பதினைந்து நிமிடமாவது குதித்து உடம்பைச் சூடாக்கி, ஸ்வெட்டர், சாக்ஸோடு காத்திருந்து, கூப்பிடும்போது கழற்ற வேண்டும். கராத்தே உடைக்குள் ஸ்வெட்டரோ தெர்மலோ போட்டுக்கொண்டு மேட்டில் ஏற முடியாது. பெண் பிள்ளைகள் உள்ளே வெறும் வெள்ளை டி-ஷர்ட் போடலாம். கண்ணாடி கூடாது. செயின், தோடு, கயிறு எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிட்டு வந்தால் கடைசி நேரப் பதற்றம் இருக்காது. நகத்தையும் வெட்டிவிடுங்கள், பார்ப்பார்கள்.

முடிவில் உடன்பாடு இல்லை என்றால்

பெரிய போட்டிகளில் கோச்சிடம் ஒரு கார்டு இருக்கும். தன் ஆளுக்கு வர வேண்டிய பாயிண்டைக் கொடுக்கவில்லை என்று தோன்றினால் அதைக் காட்டி வீடியோவைப் பார்க்கச் சொல்லலாம். கோரிக்கை தோற்றால் கார்டு போய்விடும். நம் பக்கத்துப் போட்டிகளில் பெரும்பாலும் கேமரா வசதி இல்லை, கொடிதான் கடைசி. ஸ்கோர் தப்பாக ஏறியது, பெல்ட் நிறம் மாறியது போன்ற நிர்வாகத் தவறுகளைக் கோச் உடனே, அடுத்த சண்டை தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். ஒரு குறிப்பிட்ட குத்துக்கு ஏன் கொடி காட்டவில்லை என்று மூலை நடுவரிடம் போய்க் கேட்க யாருக்கும் அனுமதி இல்லை, பெற்றோர் மேட் ஓரத்துக்கு வரவே கூடாது. கோச்சிடம் சொல்லும்போதும் "அநியாயம்" என்று தொடங்காமல், எந்த மூலையில் எந்த நிறக் கொடி எழுந்தது, போர்டில் என்ன ஏறியது என்று சொன்னால் அவரால் ஏதாவது செய்ய முடியும்.